சூசைக்குப் பார்த்துக் கொடுத்த வண்டி

போன மாதம் முட்டத்திலிருந்து மூன்று பேர் என்னைத் தேடித் தக்கலைக்கு வந்திருந்தார்கள். மூவரும் மீன்பிடி வள்ளம் வைத்திருப்பவர்கள். வள்ளத்தை டிரெய்லரில் ஏற்றி இழுத்துப் போக, பொதுவில் ஒரு டீசல் பிக்கப் வாங்கப் போவதாகச் சொல்லி, அலைபேசியில் நாலைந்து வண்டிகளின் படத்தைக் காட்டினார்கள்.

"இதுல எது கொள்ளாம் அண்ணே?"

எல்லாம் பளபளப்பான வண்டிகள். ஓட்டுநருக்கு முன்னால் சின்னத் தொலைக்காட்சிப் பெட்டி போல ஒரு திரை. நான் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு அலைபேசியைத் திருப்பிக் கொடுத்தேன்.

"எங்கிட்ட எதுக்கு கேக்கிய?"

"சூசை அண்ணனுக்கு வண்டி பாத்துக் குடுத்தது நீங்கதானே? அந்த வண்டி இப்பமும் ஓடுகு அண்ணே. கல்லு குவாரில நிக்கு. ஒரு கம்ப்ளெயின்ட் இல்லன்னு அதுக்க டிரைவர் சொல்லுகான்."

கண்ணில் சர்க்கரை இறங்கியதிலிருந்து வண்டியைத் தொடுவதில்லை, இப்போது வருகிற வண்டிகள் எனக்குத் தெரியாது என்று சொல்லி, சாயா வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். தெரியாமல் இல்லை. சொல்ல வாய் வரவில்லை. நம்முடைய ஓட்டுநர் சங்க மலருக்கு எதையாவது எழுதித் தாரும் என்று செயலாளர் கேட்டபோது, அவர்களிடம் சொல்லாததை இதில் எழுதிவிடலாம் என்று பட்டது.

நான் சிதறால் மலையடிவாரத்துக்காரன். ஏழாம் வகுப்பில் பாதியோடு பள்ளிக்கூடம் முடிந்தது. ரப்பர் ஷீட் ஏற்றிப் போன லாரியில் கிளீனராக ஏறினேன். பிறகு கொச்சி, மங்களூர், கோவா, பம்பாய். ஒரு மழைக்காலம் தங்கிய ஊரில் அடுத்த மழைக்காலம் இருந்ததில்லை. வீட்டில் எனக்கு ஒரு பெண் பார்த்தார்கள். பேசி முடிப்பதற்குள் நான் ஹூப்ளியில் இருந்தேன். பட்டினி, தாகம், போலீஸ்காரன் அடி எல்லாம் உண்டு. எல்லா டிரைவருக்கும் உள்ளதுதான், அதைத் தனியாக எழுத ஒன்றுமில்லை. வண்டி ஓட்டத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அந்தக் காலத்தில். ஓட்டக் கற்றது ஷார்ஜாவில்.

அங்கே படகு பழுது பார்க்கும் யார்டு ஒன்றில் எனக்கு வேலை. கடற்கரையிலிருந்து படகுகளை டிரெய்லரில் ஏற்றி யார்டுக்குக் கொண்டுவர வேண்டும், சரியானதும் திருப்பிக் கொண்டுபோய் இறக்க வேண்டும். எங்கள் ஃபோர்மேன் பொன்னானிக்காரர், பெயர் ஹம்ஸா. எல்லாரும் ஹம்ஸக்கா என்போம், அவர்கள் பக்கம் இக்கா என்றால் அண்ணன். மெலிந்த மனிதர், தோளில் எப்போதும் ஒரு ஈரத் துண்டு. அவர் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. தப்பாக எதையாவது பார்த்தால், வண்டியின் சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சாயா குடிக்கப் போய்விடுவார். அவர் திரும்பி வரும்வரை நாம் அந்த வெயிலில் வண்டி பக்கத்தில் நின்று என்ன தப்பு என்று கண்டுபிடித்து வைத்திருக்க வேண்டும். கண்டுபிடிக்கவில்லை என்றால் இன்னொரு சாயாவுக்குப் போவார்.

நான் போன புதிதில் எஞ்சின் பவரைப் பற்றி அவரிடம் பெருமையாக ஏதோ சொன்னேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "எடுக்கான் எல்லா வண்டிக்கும் பற்றும் மோனே. நிறுத்தான் பற்றுமோ?" பாரத்தை இழுக்க எந்த வண்டியாலும் முடியும், பாரம் பின்னாலிருந்து தள்ளும்போது நிற்க முடியுமா என்பதுதான் அவர் கேள்வி. வேறு கேள்வி அவரிடம் கிடையாது.

அவர் முறை இது. மாட்டுவண்டியில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பத்தை ஏர்க்கால் என்போமே, டிரெய்லருக்கும் அப்படி ஒன்று உண்டு. அதன் நுனியில் உள்ள குமிழ்ப்பூட்டைத்தான் பிக்கப்பின் பின்னால் உள்ள உருண்டையில் மாட்டுகிறோம். மாட்டுவதற்கு முன் அந்த ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்க்க வேண்டும். இரண்டு கையும் கொடுத்து, இடுப்பு ஒருமுறை முனகினால்தான் எழும்ப வேண்டும். அப்படியானால் பாரம் சரி. ஒரு கையில் எழும்பினால் பாரம் பின்னால் போய்விட்டது. அந்த டிரெய்லர் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கும், வேகத்தில் வாலை ஆட்டும். மாட்டுவண்டியில் பின்பாரம் ஏறினால் நுகம் எழும்பி மாட்டின் கழுத்தை இறுக்கும் அல்லவா, அதே கணக்கு. தூக்கிப் பார்த்துச் சரியென்றால் மாட்டு, பூட்டு நழுவாமல் பின்னைப் போடு, இரண்டு சங்கிலியையும் அடியில் குறுக்காகக் கோர்த்துவிடு, விளக்கு எரிகிறதா பார். ஒவ்வொரு இறக்கம் முடிந்ததும் நிறுத்தி, சக்கரத்தின் நடுவில் கை வைத்துச் சூடு பார். வழியில் பாரத்தை இடம் மாற்றினால் மறுபடியும் ஏர்க்காலைத் தூக்கிப் பார்.

கோர்ஃபக்கான் மலை இறக்கத்தில் ஒருமுறை எனக்கு டிரெய்லர் ஆட ஆரம்பித்தது. பக்கத்தில் ஹம்ஸக்கா இருந்தார். என் கால் பிரேக்குக்குப் போனது. அவர் என் முட்டியில் கை வைத்து அழுத்தி, "கால் எடுக்கு. கை அனக்கண்ட" என்றார். காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை அசைக்காமல் பிடித்திருந்தேன். ஆட்டம் மெல்ல அடங்கியது. கீழே போய்ச் சேர்ந்ததும் சாவியைக் கழற்றி எடுத்துக்கொண்டு சாயாவுக்குப் போனார்.

அந்த யார்டில் நம் ஜில்லாக்காரர்கள் இரண்டே பேர். நானும், முட்டத்துச் சூசையும். சூசை படகுகளைக் கடலில் ஓட்டிப் பார்க்கும் வேலையில் இருந்தான். கரையில் வேலை இல்லாதபோது என்னோடு வண்டியில் வருவான். நாளடைவில் வண்டியும் படித்துக்கொண்டான். சாவி போய் வெயிலில் நின்றதில் பாதி அவனுக்கும் உண்டு.

நான் ஊர் திரும்பி இங்கே ஒரு வள்ளம் கட்டும் இடத்தில் பிக்கப் ஓட்டிக்கொண்டிருந்தேன். சூசை எனக்கு முன்பே திரும்பிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான். பிறகு அந்தப் புயல் வந்தது. அவன் அண்ணன் போன வள்ளம் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. சூசையின் மனைவி ரோஸ்மேரி, புருஷனைக் கோயிலுக்குக் கூட்டிப் போய்ப் பீடத்துக்கு முன்னால் நிறுத்தி, இனிமேல் கடலில் தொழிலுக்குப் போவதில்லை என்று சத்தியம் வாங்கிவிட்டாள். அப்படித்தான் சூசை என்னைத் தேடி வந்தான்.

"தங்கண்ணே, கடல் முடிஞ்சுது. எனக்கு ரோடு காட்டித் தாரும்" என்றான்.

அவன் திட்டம் சரியான திட்டம்தான். நம் பக்கத்து வள்ளங்கள் ஆனி, ஆடியில் கிழக்குக் கரைக்குத் தங்கல் போகும். மேற்கே கடல் கொந்தளிக்கும்போது அங்கே போய் மாதக்கணக்கில் தங்கித் தொழில் செய்து திரும்புவார்கள். வள்ளத்தை லாரியில் ஏற்றினால் கிரேன் வேண்டும், லாரி கடற்கரைச் சந்துகளில் நுழையாது. பிக்கப்பும் டிரெய்லரும் என்றால் மணல் விளிம்பு வரை போகலாம். அதற்கு ஒரு வண்டி வேண்டும்.

முதலில் நாகர்கோவிலில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். சூசைக்கு ஒரு வெள்ளை வண்டி கண்ணில் ஒட்டிக்கொண்டது. இரட்டைக் கதவு, புது மாதிரி எஞ்சின், நல்ல இழுவை. நான் ஒரு சாக்கை விரித்து அடியில் படுத்துப் பார்த்தேன். சேஸ், அதாவது அடிச்சட்டம், ஒல்லி. பின்சக்கரத்துக்கும் வண்டியின் கடைசிக்கும் இடையே நீளம் அதிகம். அங்கே ஒரு ஏர்க்காலை மாட்டினால் அது வண்டியின் பின்பக்கத்தை நெம்புகோல் போல ஆட்டும். வண்டியின் மொத்த எடை, இழுக்க வேண்டிய வள்ளத்தை விடக் குறைவு. விற்பனைக்கு நின்ற பையன் நேர்மையானவன். "டிரெய்லர் இழுக்கதுக்குன்னா கம்பெனி ஒண்ணும் எழுதித் தரல்ல அண்ணே. நான் இழுக்கும்னு சொன்னா அது எனக்க வாய் சொல்லுகதுதான்" என்றான்.

"வெள்ள வண்டி வேண்டாமா?" என்றான் சூசை, வெளியே வந்ததும்.

"ஒனக்க வள்ளம் அத மலத்திப் போட்டுரும்."

"ரோஸ்மேரிக்கு வெள்ள நெறம் பிடிக்கும்."

"சுவருக்கு அடிச்சுக் குடு."

இரண்டாவது வண்டி குலசேகரம் பக்கம் ஒரு எஸ்டேட்டில் நின்றது. பழைய டீசல் பிக்கப், ஒற்றைக் கேபின், சேறு நிறம். ரப்பர் மரத்தடி இழுத்து இழுத்து அதன் உடம்பில் கீறாத இடம் இல்லை. ஆனால் சேஸ் பெட்டி போல மூடிய கனமான இரும்பு. இணைப்பு உருண்டை பம்பரில் தொங்காமல் சேஸோடு போல்ட் போட்டிருந்தது. சக்கரங்களுக்கு இடையே நல்ல நீளம். பின்னால் ஸ்பிரிங் பட்டைகள் கனமானவை, பிரேக் டிரம் பெரிது, ரேடியேட்டர் அகலம். முதல் கியர் அவ்வளவு மெதுவானது, நடந்து போகிறவன் வண்டியை முந்திவிடுவான். அது நல்லது. நான் ஏறி உட்கார்ந்து, தடி ஏற்றிய டிரெய்லரோடு எஸ்டேட் ஏற்றத்தில் பாதியில் நிறுத்தினேன். மறுபடி எடுத்தேன். கிளட்ச் வாடை இல்லை, பின்னால் உருளவில்லை. பிறகு அதே ஏற்றத்தை இறக்கமாக்கி, இரண்டாவது கியரில், பிரேக்கைத் தொடாமல் கீழே விட்டேன். எஞ்சின் மட்டும் முனகிக்கொண்டு பாரத்தைப் பிடித்து வைத்திருந்தது. டீசலில் இழுவையோடு இந்தப் பிடியையும் பார்க்க வேண்டும். கீழே நிறுத்தி நான்கு சக்கரத்திலும் கை வைத்துப் பார்த்தேன். மீண்டும் மேலே போய், மீண்டும் இறங்கினேன்.

எஸ்டேட் டிரைவர் பீடியைக் காதில் சொருகிக்கொண்டு நின்றார். "ஓய், வண்டி வாங்க வந்தியளா, பொண்ணு பாக்க வந்தியளா?"

"பொண்ணுன்னா மொகத்தப் பாத்தாப் போரும்" என்றான் சூசை. "இவரு அடியில படுத்து பாக்காரு."

அந்த வண்டியைத்தான் எடுத்தான். ரோஸ்மேரிக்கு முதல் பார்வையில் அதைப் பிடிக்கவில்லை. "தோட்டத்து எரும மாதிரி இருக்கு" என்றாள். பிறகு என்னைத் தனியாகக் கேட்டாள்: "இது நல்ல வண்டியா அண்ணே?"

"நல்ல வண்டி பிள்ளே. எரும மாதிரி நிக்கும்."

டிரெய்லரை உள்ளூர் லேத்தில் செய்தான். டிரெய்லருக்கென்று தனிப் பிரேக் வைக்கச் சொன்னேன். அதற்குரிய சாமான் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும் என்று லேத்துக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். பிரேக் இல்லாத டிரெய்லர்கள்தான் நம் பக்கம் எல்லாம் ஓடுகின்றன. அதனால்தான் கனமான வண்டியாகப் பார்த்தேன்.

அந்த ஆனியில் சூசையின் மாமனார் லூர்து தங்கல் புறப்பட்டார். ரோஸ்மேரியின் தகப்பனார், வாழ்நாள் முழுக்கக் கடலில் கிடந்த மனிதர். அவர் வள்ளத்தைச் சூசையும், நான் வேலை பார்த்த இடத்தில் கட்டிய வேறொரு சின்ன வள்ளத்தை நானும் கொண்டுபோக ஏற்பாடு.

காலையில் நான் முட்டம் போய்ச் சேரும்போது வள்ளத்தில் சாமான் ஏற்றி முடித்திருந்தார்கள். இரண்டு எஞ்சின், வலை மூட்டைகள், மண்ணெண்ணெய் கேன், அரிசி, அடுப்பு, எல்லாம் பின்பக்கம். கடலில் அதுதான் ஒழுங்கு. பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் நிமிர்ந்து இருந்தால்தான் வள்ளம் அலையில் ஏறும், முன் தாழ்ந்தால் அலைக்குள் குத்தும். கடல்காரன் கை தானாகவே பாரத்தைப் பின்னால்தான் வைக்கும். ரோட்டில் அது தலைகீழ்.

சூசை ஏர்க்காலைப் பிடித்தான். ஒரு கையில் எழும்பியது. பிக்கப்பின் சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டான். ஹம்ஸக்கா மாதிரியே. நானும் அவனும் சிரித்தோம். லூர்துவுக்குச் சிரிப்பு வரவில்லை.

வள்ளத்தின் முன்பக்கத்தை அவர்கள் அணியம் என்பார்கள். லூர்துவின் வள்ளத்தில் அணியத்தின் உட்பலகையில் நீலத்தில் சிலுவை வரைந்திருந்தது. சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்த இடம். அந்த வீட்டில் யாரும் அதன் மேல் செருப்புக் காலை வைக்க மாட்டார்கள், மீன் கூடையைக் கூட வைக்க மாட்டார்கள். இப்போது எஞ்சினை அங்கே கொண்டுபோக வேண்டும் என்றால் அவருக்கு எப்படி இருக்கும்.

"அணியத்துல மண்ணெண்ணெ எஞ்சினா?" என்றார். "ஒனக்க வீட்டு மாதா படத்துக்க மேல கருவாட்டுச் சட்டிய வைப்பியால சூசை?"

"மாமா, இது கெழக்க போய் எத்துகது வரைக்குந்தான். தார்பாய் விரிச்சு வைக்கேன்."

"தார்பாய் விரிச்சா சிலுவைக்கு வாட அடிக்காதா?"

சூசை தார்பாயை மடித்து மடித்து விரித்தான். ஒரு எஞ்சினையும் வலையில் பாதியையும் முன்னால் நகர்த்தினோம். மறுபடி தூக்கிப் பார்த்தான். இரண்டு கை, ஒரு முனகல். மாட்டினோம். லூர்து வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேபினில் இடது பக்கம் ஏறிக்கொண்டார். ரோஸ்மேரி வாசலில் நின்றாள். சூசைக்கு ஒரு பழக்கம் உண்டு. புறப்படும்போதும் திரும்பும்போதும் அவள் கையிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடிப்பான். குடித்துவிட்டு எடுத்தான்.

வெள்ளமடத்தில் எனக்கு டிரெய்லர் டயர் ஒன்று இறங்கிவிட்டது. நான் பஞ்சர் கடையில் ஒதுங்கினேன். அவர்கள் முன்னால் போய் தோவாளையில் சாயா குடிக்க நிறுத்தினார்கள். நான் தோவாளை போய்ச் சேர்ந்தபோது அவர்கள் இல்லை. இப்பத்தான் போனாங்க என்றார் சாயாக்கடைக்காரர்.

ஆரல்வாய்மொழிக்கு அப்பால் அவர்களைப் பிடித்தேன். அந்தக் கணவாயில் ஆனிக் காற்று எப்படி இருக்கும் என்று இதைப் படிக்கிற டிரைவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்றாலைகளெல்லாம் வெறிபிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தன. பின்னாலிருந்து பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. வள்ளத்தின் பின்பக்கம் தாழ்ந்து, அணியம் வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றது. கடலில் போவது மாதிரி. பிக்கப்பின் பின்பட்டைகள் எழும்பி நின்றன. நான் ஹாரனில் கையை வைத்தேன், விளக்கை அணைத்து அணைத்துப் போட்டேன். அந்தக் காற்றில் எந்த ஹாரன் கேட்கும்.

சாலை சிறிது இறங்கி வளையும் இடத்தில் காற்று பக்கவாட்டில் வந்து வள்ளத்தில் மோதியது. டிரெய்லரின் வால் இடது பக்கம் போனது, வந்தது, வலது பக்கம் இன்னும் அதிகமாகப் போனது. மூன்றாவது ஆட்டத்தில் பிக்கப்பின் சிவப்பு விளக்குகள் எரிந்தன. சூசை பிரேக்கில் கால் வைத்துவிட்டான். பின்சக்கரத்தில் பாரம் இல்லாத வண்டி பிரேக்கில் நிற்காது. டிரெய்லர் அதை முன்னால் தள்ளித் திருப்பியது. வண்டி குறுக்கே நின்றது, டிரெய்லர் மடங்கி வலது பக்கமாகச் சுற்றி வந்தது. ஏர்க்காலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த அணியம், ஓட்டுநர் பக்கக் கதவில் இறங்கியது.

நான் ஓடிப் போனபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பி நிறுத்தியது நான்தான். சூசையை எடுக்க வள்ளத்தைப் பின்னால் இழுக்க வேண்டியிருந்தது. பூவண்டிக்காரர்களும் காற்றாலை வேலைக்காரர்களும் வந்து பிடித்தார்கள். ஆம்புலன்ஸில் ஏற்றும்போதே அவனுக்கு உயிர் இல்லை என்று எனக்குத் தெரியும்.

லூர்துவுக்கு நெற்றியில் ஒரு காயம், அவ்வளவுதான். ஆசாரிப்பள்ளத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரே சொன்னார்.

"தோவாளையில சாயாக்கு நிறுத்துனப்ப பாத்தேன், எஞ்சின்ல மண்ணெண்ணெ ஒழுகி தார்பாய் நனஞ்சு போச்சு. சிலுவை மேல எறங்கிட்டு. நான் தாம் மக்கா எஞ்சினப் பின்னால கொண்டு போடச் சொன்னேன். அவன் வேண்டாம்னான். நான் விடல்ல. ரெண்டு பேருமாத் தாம் எடுத்து வச்சோம். வச்சிட்டு அவன் பின்னக் கழத்தி, அந்தக் கம்பத்தத் தூக்கிப் பாத்தான்."

"எத்தன கையில?"

"ஒரு கையில. தூக்கிட்டு ரொம்ப நேரம் அப்பிடியே நின்னான். பொறவு சிரிச்சான். 'வேற வண்டின்னா மாட்டேன்னு சொல்லியிருப்பேன் மாமா. இது தங்கண்ணன் பாத்துத் தந்த வண்டி. தாங்கும்'னான்."

நான் எழுந்து வெளியே போய் மாமரத்தடியில் நின்றேன். அங்கே நிற்கும்போது அவன் கழற்றிப் பையில் போட்ட சாவியைத்தான் நினைத்தேன். காலையில் போட்ட சாவியை, தோவாளையில் ஏன் போடவில்லை. மாமனார் முகத்தைப் பார்த்து ஒருவன் எத்தனை தடவை இல்லை என்பான். ஒரு நாளைக்கு ஒரு தடவை சொல்லிவிட்டான்.

வண்டி போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வெயிலில் கிடந்தது. வழக்கு முடிந்து விடுவித்தபோது, அதை எடுத்து வரக் குடும்பத்தில் யாருக்கும் கால் வரவில்லை. லூர்துவின் வள்ளம் அதற்கு முன்பே சரியாகி, வேறொருவர் லாரியில் கிழக்கே போயிருந்தது. சிலுவைக்குப் புது நீலம் அடித்திருந்தார்களாம். வண்டியை எடுக்க நான்தான் போனேன். குவாரிக்காரர் ஒருவர் வண்டியை வாங்கக் கேட்டிருந்தார், அவரும் அங்கே வந்திருந்தார். அடியில் குனிந்து பார்த்தார்.

"சேஸ் வளைஞ்சிருக்கா?"

"இல்ல."

"நல்ல வண்டி பாத்து எடுத்திருக்கான்" என்றார்.

வலது கதவு மூடவில்லை. கயிற்றால் கட்டினேன். இருக்கையில் சாக்கைப் போட்டு உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். அத்தனை நாள் கிடந்த வண்டி, முதல் திருப்பிலேயே எடுத்தது. முட்டம் வரை ஒரு தடுமாற்றம் இல்லை.

குவாரிக்காரரிடம் ஒப்படைப்பதற்கு முன் ரோஸ்மேரி கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அதனால் அவள் வீட்டுத் தெருவில் திருப்பினேன். அந்தத் தெருவுக்கு அந்த எஞ்சின் சத்தம் தெரியும். நான் அதை யோசித்திருக்கவில்லை. வாசலில் நிறுத்துவதற்குள் அவள் வெளியே வந்துவிட்டாள். கையில் செம்பு இருந்தது.

கயிறு கட்டிய கதவையும், அதற்குள் இருந்த என்னையும் பார்த்தாள். தன் கையில் இருந்த செம்பைப் பார்த்தாள். அதை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு சன்னல் வழியாக என்னிடம் நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். குடிக்காமல் இருக்க முடியவில்லை.

"நல்ல வண்டின்னு தானே அண்ணே சொன்னிய?" என்றாள். குரலில் கோபம் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டாள்.

"நல்ல வண்டிதாம் பிள்ளே" என்றேன்.

பொய் சொல்லவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அதை அணைக்க எனக்குக் கை வரவில்லை.